எட்டு வாரத்தில் வேறென்ன மாறியது

ஜெயசித்ராவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பாதித் தொந்தரவு அதிலிருந்துதான் வந்தது. அழகாக எழுதியது சரியாகவும் இருக்கும் என்று படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். இந்தத் தடவை எழுதியவளே நம்பிவிட்டாள்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் அவள் சீனியர் நர்ஸ். நாற்பத்தைந்து வயது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிறந்த ஊர் கனகசெட்டிக்குளம். தம்பி குப்பன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். வாழ்க்கைப்பட்டது முதலியார்பேட்டையில், பஞ்சாலைத் தொழிலாளி வீட்டில். ஆலை மூடியதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேலை கற்றுக்கொண்டார்கள். அவள் கணவன் நாகராஜ் கற்றுக்கொண்டது லிஃப்ட் ரிப்பேர்.

எலும்பு வார்டில் இருபது கட்டில். இடுப்பு முறிந்தவர்கள், தொடை முறிந்தவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு விழுந்தவர்கள். பாதிக்கு மேல் கடலோர ஊர்க்காரர்கள். படுத்தவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும். விடாவிட்டால் இடுப்புக்குக் கீழே தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழி விழும். படுக்கைப் புண் தலையெழுத்து இல்லை. யாரோ செய்யாமல் விட்ட வேலை. ஜெயசித்ராவுக்கு அது நன்றாகத் தெரியும். இருபது கட்டிலுக்கு இரண்டு நர்சும் ஒரு உதவியாளும் இருந்தால் எந்த வேலை விட்டுப்போகும் என்பதும் தெரியும்.

மார்ச் மாதம் தம்பி வீட்டுக்குப் போனபோது கிழிந்த நைலான் வலை ஒரு மூட்டையாகக் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்தாள். மெத்தென்று இருந்தது, காற்றும் ஓடியது, நனைந்தால் உடனே காயும். வார்டில் இருக்கும் பஞ்சுத் தலையணைகளுக்கு இந்த மூன்று குணமும் கிடையாது. டீயை முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

வலையைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசினாள். மீன் வாடை போக வெயிலில் ஒரு வாரம். குப்பன் உட்கார்ந்து துண்டு போட்டான், அவன் மனைவி சாந்தி உறை தைத்தாள். ஏப்ரல் நடுவில் இருபது கட்டிலுக்கும் இருபது வலைத் தலையணை வந்து சேர்ந்தது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய எட்டு வாரத்தில் வார்டில் ஒன்பது பேருக்குப் புண் வந்திருந்தது. தலையணை வந்த எட்டு வாரத்தில் இரண்டே பேருக்கு.

இரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். நல்ல செய்தி வந்த பிறகு யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

நர்சிங் சூப்பிரண்டன்ட் கார்குழலி தலையணையைப் போட்டோ எடுத்து வார்டு வாசலில் மாட்டினார். எல்லா வார்டுக்கும் இதைத் தரப்போகிறோம் என்று கூட்டத்தில் அறிவித்தார். பிறகு ஜெயசித்ராவைக் கூப்பிட்டு, "இதைக் கட்டுரையா எழுது. நர்சுகளோட ஆய்விதழ் ஒண்ணு இருக்கு, தமிழ்லயே எழுதலாம். உன் பேரு வரட்டும்" என்றார்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தைதான் ஜெயசித்ராவைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆஸ்பத்திரியில் கட்டுரை எழுதுவது டாக்டர்களின் வேலை. நோயாளியைக் குளிப்பாட்டி, காயம் கட்டி, அளவெடுத்துக் குறித்துக் கொடுத்த நர்சுகளுக்குக் கடைசிப் பக்கத்தில் மொத்தமாக ஒரு நன்றி. பேர்கூட இருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மாதிரி நன்றி அவளுக்கு ஏழெட்டு சேர்ந்திருந்தது. இந்தத் தடவை பேர் மேலே வரும்.

நான்கு பக்கம் எழுதினாள். வார்டின் இளைய நர்ஸ் சங்கவி அதை டைப் அடித்துக் கொடுத்தாள். அனுப்புவதற்கு முன் வீட்டில் நாகராஜிடம் காட்டினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே முதல் வரியைச் சத்தமாகப் படித்தான்.

"மனித குலம் தோன்றிய நாள் முதலாய் நோயும் உடன் தோன்றியது. சரி, படுக்கை எப்பத் தோணுச்சு?"

"முழுசாப் படிங்க."

"வலைத் தலையணையின் மகத்தான பலனால் படுக்கைப் புண்கள் அடியோடு ஒழிந்தன. ரெண்டு பேருக்கு வந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"அது ரெண்டுதானே."

"அப்ப அடியோட எப்படி ஒழியும்? ஓட்டுக் கேக்கப் போற மாதிரி இருக்கு சித்ரா. அடிக்க ஒரு போஸ்டர், ஒட்ட ஒரு செவுரு, அதுதான் பாக்கி."

"லிஃப்ட் மெக்கானிக்குக் கட்டுரையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ரசம் ஊத்து."

கட்டுரை ஜூலை முதல் வாரம் போனது. ஆகஸ்ட் நடுவில் பதில் வந்தது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. மூன்று வாரத்துக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்ப்போம் என்று எழுதி, கீழே மூன்று கேள்வி கேட்டிருந்தார்கள்.

இந்த எட்டு வாரத்தில் வார்டில் வேறென்ன மாறியது?

எட்டு வாரத்துக்குப் பிறகு எண்ணிக்கை என்ன?

ஆசிரியர் நேரில் பார்த்தது எது, பதிவேட்டில் இருந்தது எது, அவர் நினைத்துக்கொண்டது எது என்று கட்டுரையில் பிரித்துத் தெரியவில்லை. விளக்கவும்.

ஜெயசித்ராவுக்கு முதலில் வந்தது கோபம். "வேறென்ன மாறியது? ஒண்ணும் மாறல. அதே வார்டு, அதே கட்டில், அதே சாம்பார்" என்று டிரஸ்ஸிங் ரூமில் பஞ்சைக் கிழித்தாள். "ஏசி ரூம்ல உட்கார்ந்து கேள்வி கேக்கிறது ரொம்ப சுலபம்."

சங்கவி கடிதத்தை இரண்டாம் தடவை படித்துவிட்டு, "சிஸ்டர், மூணாவது கேள்விக்கு நம்மகிட்ட பேனாவே இருக்கு" என்றாள்.

வார்டில் மூன்று நிறத்தில் மை உண்டு. பகல் டூட்டியில் எழுதுவது நீலம், சாயங்காலம் பச்சை, ராத்திரி சிவப்பு. எந்த வரி எந்த வேளையில் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக. சங்கவி சொன்ன யோசனை இதுதான்: கட்டுரையை ஒரு நகல் எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கோடு போடுவது. சிஸ்டர் கண்ணால் பார்த்தது நீலம். பதிவேட்டில் இருந்து எடுத்தது பச்சை. நினைத்துக்கொண்டது சிவப்பு.

டூட்டி முடிந்த பிறகு நர்ஸ் மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் பக்கம் முடிந்தபோது நீலப் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"மனித குலம் தோன்றியதை நீங்க பார்க்கலைதானே?" என்றாள் சங்கவி.

"வாயை மூடிக்கிட்டுக் கோடு போடு."

"நோயாளிகள் பெரிதும் மகிழ்ந்தனர். யாரையாச்சும் கேட்டீங்களா?"

"முகத்தைப் பார்த்தாத் தெரியாதா?"

"சிவப்பு" என்று சங்கவி கோடு இழுத்தாள். நான்கு பக்கமும் முடிந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "சிஸ்டர், உங்க கட்டுரை மொத்தமும் நைட் டூட்டி பார்த்திருக்கு."

ஜெயசித்ரா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. சிவப்பு வரிகளைத் தனித்தாளில் எழுதிப் பார்த்தாள். அழகான வரிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. மிச்சம் இருந்த நீலமும் பச்சையும் அரைப் பக்கம்கூட வரவில்லை.

ஒரு பச்சை வரி அவளை உறுத்தியது. "எல்லா நோயாளிகளும் முன்பும் பின்பும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டப்பட்டனர்." இது புரட்டும் அட்டவணையிலிருந்து எடுத்தது. கட்டிலின் காலடியில் தொங்கும் தாள். பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கட்டம் இருக்கும், புரட்டியதும் டிக் போட வேண்டும். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதுதான் உறுத்தல். வேலை அதிகமான நாளில் அத்தனை டிக்கையும் டூட்டி முடியும்போது ஒரே மூச்சில் போடுவது வார்டு வழக்கம். எழுதாதது செய்யாதது என்று நர்சுகளுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் எழுதிவிடுவார்கள். எழுதியது எல்லாம் செய்ததுதானா என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. டிக் போட்ட கைகளில் அவள் கையும் ஒன்று.

"இந்தப் பச்சைக்கு என்ன பண்றது?" என்று சங்கவி கேட்டாள்.

"வெளுத்த பச்சைன்னு வெச்சுக்கோ" என்றாள் ஜெயசித்ரா.

இரண்டாவது கேள்விக்கு எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை புண் பதிவேட்டைப் புரட்டினார்கள். ஏழு பேர். தலையணை அத்தனையும் கட்டிலில்தான் இருந்தது. துவைத்துக் காயப் போட்டு முறையாக வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் ஏழு.

"ஒருவேளை தலையணை அமுங்கிப் போச்சோ?" என்றாள் ஜெயசித்ரா. அவளுக்கு இன்னும் மனசு விடவில்லை. "புது வலை போட்டா சரியாயிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை புது வலை வாங்கக் கனகசெட்டிக்குளத்துக்குப் பஸ் ஏறினாள். வீட்டில் சாந்தி மட்டும் இருந்தாள். கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எங்க?"

"கடலுக்குப் போயிருக்காரு அண்ணி. போயி நாலு நாள் ஆச்சு. வந்தா நாளைக்கு."

"எப்ப வந்தாலும் இல்லங்கறான். ஏப்ரல் கடைசியில, மே மாசத்துல எல்லாம் வந்தப்ப வீட்டுலயே உட்கார்ந்திருந்தானே."

சாந்தி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா அண்ணி, மறந்துட்டீங்களா? அது தடைக்காலம். படகெல்லாம் கரையில நின்னுச்சு. சும்மா உட்காராம இன்னா பண்ணுவாரு? எந்நேரமும் வீட்டுல இருந்து என் உசுரை எடுத்தாரு. நான்தான் உங்க பெரியப்பா மகனைப் பார்த்துக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டேன்."

மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளுக்குத் தடை, ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினாலு வரை. எட்டு வாரம், சொச்சம் நாள். கவிழ்த்த கூடைக்குப் பக்கத்திலேயே ஜெயசித்ரா உட்கார்ந்துவிட்டாள்.

வெளியூர் நர்ஸ் யாராவது இருந்திருந்தால் ஒருவேளை கவனித்திருப்பாள். மீனவர் வீட்டில் பிறந்தவளுக்குத் தடைக்காலம் என்பது மாற்றமே இல்லை. வருஷா வருஷம் வருவது. அந்த இரண்டு மாதம் ஆம்பளைகள் வீட்டில் இருப்பார்கள். சீட்டாடுவார்கள், வலை பழுது பார்ப்பார்கள், பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரன் படுத்திருந்தால் போய்க் கூட இருப்பார்கள். மற்ற மாதங்களில் துணைக்கு இருப்பது பெண்கள்தான். அவர்களும் விடியற்காலையில் மீன் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள், திரும்ப மதியம் ஆகும். எண்பது கிலோ ஆளை ஒருத்தி தனியாகப் புரட்டவும் முடியாது. வார்டில் அந்த எட்டு வாரம் கட்டிலுக்கு ஒரு முரட்டுக் கை இருந்தது. அவள் தம்பியும் அதில் ஒருவன். பெரியப்பா மகன் படுத்திருந்த ஏழாம் நம்பர் கட்டிலில் அவன் உட்கார்ந்திருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். கட்டிலில் உட்காராதே என்று திட்டியும் இருக்கிறாள். பார்த்தாள், ஆனால் எழுதவில்லை.

"புது வலை வேணுமா அண்ணி?" என்றாள் சாந்தி.

"வேணாம். டீ கொடு."

பஸ்ஸில் திரும்பும்போது இன்னொன்று உறைத்தது. நேற்று வரை தலையணைதான் காரணம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். இன்று தம்பிதான் காரணம் என்று சத்தியம் செய்யத் தோன்றுகிறது. இரண்டும் சிவப்பு மைதான். அவன் உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தாள், புரட்டியதைப் பார்க்கவில்லை.

மறுநாள் ராமலிங்கம் செக்கப்புக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மே மாதம் இடுப்பு முறிந்து எட்டாம் நம்பர் கட்டிலில் மூன்று வாரம் கிடந்தவர், இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். ஜெயசித்ரா அவரை பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"ஐயா, நீங்க இருந்தப்ப உங்களை யாரு புரட்டிவிட்டது?"

"நீங்கதான். ரெண்டு மணிக்கொரு தடவை. கால்மாட்டுத் தாள்ல எழுதியிருந்துச்சே."

"தாளை விடுங்க. நிஜமாச் சொல்லுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேலைக்குக் கீலைக்கு ஆபத்து வராதே?"

"வராது."

"பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கறுத்த ஆளு வந்திருந்தான் பாரு, மீசை வெச்சவன். அவன்தான். அவனும் எதிர்க் கட்டில் ஆளும் சேர்ந்து, ஒருத்தன் தோளு, ஒருத்தன் இடுப்பு, ஹோன்னு ஒரு சத்தம், நான் திரும்பிடுவேன். சீட்டு ஒரு ஆட்டம் முடியும், ஒரு ரவுண்டு வருவானுங்க. பன்னெண்டாம் நம்பர் வரைக்கும் எல்லாரையும் புரட்டிட்டுத்தான் அடுத்த ஆட்டம். பிரெஞ்சுல மெர்சின்னு நன்றி சொன்னா, இன்னா பெருசு திட்டறியான்னு கேட்பான்."

அந்த மீசை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். "அந்த வலைத் தலையணை?"

"நல்ல தலையணைம்மா. அதைக் காலுக்கு முட்டுக் கொடுத்துப் பேப்பர் படிச்சேன். அவனுங்க சில நேரம் அதைப் போட்டு உட்கார்ந்துதான் ஆடுவானுங்க."

ஜெயசித்ரா இதையும் உடனே நம்பிவிடவில்லை. ஒரு ஆளின் வாய்வார்த்தை. வாசலில் பாஸ் பதிவேடு இருக்கிறது; நோயாளிக்குத் துணை இருப்பவர் பேரும் உறவும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். வாட்ச்மேன்கள் அதில் டிக் போடுவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். சங்கவியும் அவளும் மூன்று சாயங்காலம் அந்தப் பதிவேட்டோடு உட்கார்ந்தார்கள். தடைக்கால வாரங்களில் இருபது கட்டிலுக்குச் சராசரி பதினான்கு ஆண் துணை. அதற்கு முன்னும் பின்னும் ஐந்து. கரைக்கு வந்த குப்பனிடமும் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் நாகராஜிடம் கணக்கைக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிடுவாங்க. போய் ஒரு வயரைத் தொடுவேன், ஓட ஆரம்பிச்சிடும். நான் தொட்டதாலதான் ஓடுச்சான்னு எனக்கே தெரியாது. அதனால வயரைத் திரும்பக் கழட்டிப் பார்ப்பேன்" என்றான்.

"வார்டுல எதைக் கழட்டறது?"

"தலையணை இல்லாத தடைக்காலம் ஒண்ணு இருந்திருக்குமே. போன வருஷம்?"

அவள் அவனையே பார்த்தாள். "நீங்க பேசாம நர்சா வந்திருக்கலாம்."

"ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும். ரசம் ஊத்து."

போன வருஷத்துப் பதிவேடு ஸ்டோர் ரூமில் எலி கடித்துக் கிடந்தது. கடிக்காத பக்கங்கள் போதுமானதாக இருந்தன. தடைக்காலத்துக்கு முந்தைய எட்டு வாரம் எட்டுப் பேர். தடைக்காலத்தில் மூன்று. பிறகு மறுபடி எட்டு. தலையணை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத வருஷம் அது.

மூன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள ஒரே ஒரு ஆள் வித்தியாசம்தான் தலையணையின் பங்கு. அதுவும் தற்செயலாக இருக்கலாம்.

கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. கடிதத்துக்கு மழுப்பலாக ஒரு பதில் எழுதினால் கட்டுரை வந்துவிடவும் கூடும். தடைக்காலத்தைப் பற்றி அந்த ஆய்விதழில் யாருக்குத் தெரியப்போகிறது? உள்ளதை எழுதினால் தலையணை போகும், வாசலில் மாட்டிய போட்டோ போகும், டிக் விஷயம் வெளியே வரும், அநேகமாகக் கட்டுரையும் போகும். மேலே வரவேண்டிய பேர் மறுபடி கடைசிப் பக்கத்து நன்றிக்குள் போய்ப் பதுங்கும். ஒரு ராத்திரி முழுக்க யோசிக்கும் அளவுக்கு அவளுக்கு ஓய்வு இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற பத்து நிமிஷம் யோசித்தாள். பொய்யான கட்டுரையைப் படித்துவிட்டு எந்த ஊரிலாவது ஒரு நர்ஸ் தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டு, நோயாளியைப் புரட்டாமல் போவாள். அந்த இடுப்பு அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை இடுப்புகளைப் பார்த்தவள்.

நேராகக் கார்குழலியின் அறைக்குப் போனாள். கண்டுபிடித்ததை எல்லாம் எழுதிய மூன்று தாள்களை மேசையில் வைத்தாள். கார்குழலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். டிக் பற்றிய இடத்தில் விரல் நின்றது.

"இதையும் எழுதப் போறியா?"

"அதை எழுதாட்டி மத்தது புரியாது மேடம். அட்டவணைப்படி ரெண்டு வருஷமும் எல்லா நாளும் ஒரே மாதிரி புரட்டியிருக்கோம். அப்படின்னா புண்ணு ஏன் குறைஞ்சுது, ஏன் ஏறுச்சுன்னு சொல்லவே முடியாது."

"நான் அறுபது தலையணைக்குச் சொல்லிட்டேன்."

"தெரியும் மேடம்."

"போட்டோ வேற மாட்டியாச்சு."

"ஆணி நான் கழட்டித் தர்றேன்."

கார்குழலி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் முன்பு அவரும் ராத்திரி டூட்டி முடியும் நேரத்தில் வரிசையாக டிக் போட்டவர்தான். "டாக்டருங்க எழுதற கட்டுரையில எல்லாமே பலிக்குது. நம்ம எழுதற முதல் கட்டுரையில பலிக்கலைன்னு எழுதணுமா?"

"பலிச்சது எதுன்னு தெரிஞ்சிருக்கு மேடம். ரெண்டு ஆளு சேர்ந்து புரட்டினாப் புண்ணு வராது."

"இது தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சதை நம்ம செய்யலன்னு எழுத்துல காட்டினது யாரும் இல்ல. ஆளு வேணும்னு பத்து வருஷமா வாயால கேக்கறோம். இந்தத் தடவை எண்ணோட கேக்கலாம்."

கார்குழலி தாள்களை ஒழுங்காக அடுக்கி, "வார்டு பேரு வேணாம். டிக் போட்டது யாருன்னும் வேணாம்" என்றார்.

"நானும் போட்டேன்னு எழுதியிருக்கேன் மேடம். என் பேருதான் மேல இருக்கே."

"பிழைக்கத் தெரியாதவ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் கார்குழலி.

ஜெயசித்ரா கட்டுரையைத் திரும்ப எழுதினாள். மனித குலம் போனது. மகத்தானது போனது. இந்தத் தடவை எழுதும்போதே மூன்று பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பார்த்ததற்கு "கண்டேன்" என்று எழுதினாள். பதிவேட்டில் இருந்ததற்கு எந்தப் பதிவேடு, அதை எவ்வளவு நம்பலாம் என்று சேர்த்தாள். நினைத்ததற்கு "என்று நினைக்கிறோம், சோதிக்கவில்லை" என்று போட்டாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வேறென்ன காரணம் இருக்கலாம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். சங்கவி எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி உட்கார்ந்து வரிக்கு வரி இழுத்தாள்.

"தடைக்காலத்துல வெயில் ஜாஸ்தி. வேர்வைனால புண்ணு கூடியிருக்கணும், ஆனா குறைஞ்சிருக்கு. அதை எழுதலாமா?"

"எழுது. நமக்குச் சாதகமா இருக்குன்னு சந்தோஷப்படாத. அடுத்து பாதகமா என்ன இருக்குன்னு யோசி."

"தடைக்காலத்துல வந்த நோயாளிங்க எல்லாம் இளசா இருந்தா?"

"பாரு."

வயதையும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் ஒரு வரியாக எழுதினார்கள். நான்கு பக்கம் இருந்தது இரண்டரை ஆயிற்று. அந்த இரண்டரைக்குப் பட்ட பாடு நான்குக்குப் படவில்லை.

தலைப்பு "வலைத் தலையணை படுக்கைப் புண்ணைக் குறைத்ததா?" என்று ஆனது. நாகராஜ் படித்துவிட்டு, "இப்ப ஓட்டு விழாது. ஆனா நம்பலாம்" என்றான். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பினாள்.

அக்டோபரில் பதில் வந்தது. இரண்டு சின்னத் திருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எந்தப் புகழ்ச்சியும் இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும்: பதிவேட்டின் நம்பகத்தன்மை பற்றிய பத்தியை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம்.

அதற்குள் வார்டிலும் சில மாறியிருந்தன. கார்குழலி அந்த எண்களைக் கொண்டுபோய் நிர்வாகத்தின் முன் வைத்ததில் ராத்திரிக்கு ஒரு உதவியாள் கூடுதலாகக் கிடைத்தார், கேட்டது இரண்டு. டிக் போடும் பேனாவை, புரட்டப் போகும்போது மாற்று விரிப்பு வைத்துத் தள்ளும் வண்டியிலேயே கட்டிவிட்டார்கள். வண்டி கட்டிலுக்கு வந்தால்தான் பேனா வரும். துணைக்கு வருகிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் அரை மணி நேர வகுப்பு. தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும், இழுத்தால் தோல் உரியும், ஆபரேஷன் ஆன காலை நர்ஸ் இல்லாமல் தொடக் கூடாது. தலையணையை விட்டுவிடவில்லை. ஒற்றைப்படைக் கட்டிலுக்கு உண்டு, இரட்டைப்படைக்கு இல்லை, ஆறு மாதம் எண்ணுவது என்று ஏற்பாடு. நடுவில் நல்ல எண் வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஜெயசித்ரா எழுதி ஒட்டினாள்.

நவம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கைக்காகப் படகுகள் நான்கு நாள் கரையில் நின்றன. வீட்டில் சாந்தி துரத்தியதால் குப்பன் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தான். அன்று வகுப்பு நாள். வார்டின் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சங்கவி ஒரு ஆளைப் படுக்க வைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குப்பன் மீசையைத் தடவிக்கொண்டு பார்த்தான்.

"இதை நாங்க மே மாசமே பண்ணோம். அப்ப என்னைக் கட்டில்ல உட்காராதன்னு திட்டின."

"இப்பவும் உட்காராத. எழுந்திரு."

எழுந்தான். அவள் மேசை டிராயரைத் திறந்து, கட்டுரை வந்த ஆய்விதழ்ப் புத்தகத்தை எடுத்தாள். முந்தின நாள்தான் வந்திருந்தது. பதினெட்டாம் பக்கம். மேலே ஜெ. ஜெயசித்ரா, ம. சங்கவி என்று இரண்டு பேர். குப்பன் விரலை வைத்து மெதுவாகப் படித்தான். பேரைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தான், மறுபடி பேரைப் பார்த்தான். பிறகு பக்கத்தைப் புரட்டினான்.

"என் பேரு எங்க?"

"கடைசியில பாரு. துணைக்கு வந்த உறவினர்களுக்கு நன்றின்னு இருக்கும்."

"மொத்தமாவா?"

அவள் ஏழெட்டுத் தடவை அப்படி மொத்தமாக நன்றி வாங்கியவள். அந்த ருசி அவளுக்குத் தெரியும். புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பத்திக்கு மேலே இருந்த வரியைக் காட்டினாள். வாட்ச்மேன் பதிவேட்டுக்கும் ஒரு நோயாளியின் வாக்குமூலத்துக்கும் அடுத்து அது இருந்தது: ஏழாம் கட்டிலின் துணையாளர் கனகசெட்டிக்குளம் குப்பன், தாமும் மற்றவர்களும் நாளுக்கு ஏறத்தாழ ஐந்து முறை பன்னிரண்டு நோயாளிகளைப் புரட்டியதாகத் தெரிவித்தார்; இதை நாங்கள் நேரில் காணவில்லை.

குப்பன் இரண்டு தடவை படித்தான். "நேரில் காணவில்லையா? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"நான் பார்க்கலியே."

"கூடப்பொறந்தவன் சொன்னா நம்ப மாட்டியா?"

"நம்பறேன். எழுத மாட்டேன்" என்றாள் ஜெயசித்ரா. "பத்தாம் நம்பரைப் புரட்டணும். ஆளு கனம். வந்து தோளைப் பிடி."

குப்பன் தோளைப் பிடித்தான், அவள் இடுப்பைப் பிடித்தாள். ஹோ என்று அவன்தான் சத்தம் கொடுத்தான். பத்தாம் நம்பர் திரும்பிப் படுத்தார். ஜெயசித்ரா வண்டியில் கட்டியிருந்த பேனாவை எடுத்து, மணியைப் பார்த்து, டிக் போட்டாள். பக்கத்தில் இரண்டு பேர் என்று எழுதினாள்.